கடலின் சூட்டைக் காதால் பார்த்த கதை

றிஸ்வான் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி என் பக்கம் நீட்டினான்.

“கேளுங்க மிஸ். இது கடல் இல்ல, தகரக் கடை.”

வாங்கி மாட்டினேன். உண்மைதான். ஒரு இஞ்சின் இரைந்துகொண்டு போகிறது, அது ஓய்வதற்குள் இன்னொன்று வருகிறது. இடையிடையே சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு. அது கடலடியில் கிடக்கிற சின்ன இறால்களின் வேலை. அதற்கு எங்கள் காது பழகிவிட்டது. நாங்கள் தேடியது வேறொன்று. கல்லடிக் கடலடியில் வைத்த பெட்டி அனுப்புகிற, விசில் போல ஏறி இறங்கும் ஒரு சின்னச் சத்தம். அது இந்த இரைச்சலுக்குள் எங்கே செத்துக் கிடக்கிறது என்று சத்தியமாகத் தெரியவில்லை.

குருக்கள்மடத்துக் கரையில், ஒரு தென்னந்தோட்டத்து மூலையில் எங்களுக்குத் தந்திருந்த ஓட்டு அறை அது. வைகாசி வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு கொம்பியூட்டர், பக்கத்தில் பற்றரிகள். கடலிலிருந்து மணலுக்கு அடியால் வந்து ஜன்னலால் உள்ளே நுழையும் ஒரு கறுப்பு வயர். ஆறிப்போன பிளேன்ரீயில் எறும்பு மிதந்தது.

“கொழும்புக்கு என்ன சொல்லப் போறீங்க மிஸ்?”

“சொல்றதுக்கு என்ன கிடக்கு? பெட்டியக் கழட்டிக் கட்டுங்க எண்டு அங்க இருக்கிற பேராசிரியர் சொல்லி முடிஞ்சுது.”

றிஸ்வான் என்னிடம் படித்தவன். பிறகு என்னோடு வேலைக்கு வந்தவன். காத்தான்குடிப் பிள்ளை. நான் கோபப்பட்டால் சிரிப்பான், நான் சிரித்தால் சந்தேகப்படுவான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

பாடும் மீன் இல்லை, ஐயா

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் “கடலுக்குள் சத்தம் அனுப்புகிற வேலை” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதுதான் தாமதம், ஆளாளுக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள், அது பாடும் மீன் ஆராய்ச்சியா என்று. இல்லை ஐயா, இல்லை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது ஊரறிந்த கதை. அதனால் அங்கே பிறந்த ஒருத்தி தண்ணீருக்குள் காதை வைத்தால் அது மீன் பாட்டுக் கேட்கத்தான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் நான் பேசி முடித்ததும் எழும்பிய முதல் கேள்வியே அதுதான். மீன் பாடட்டும், நல்லாயிருக்கட்டும். என் வேலை வேறு.

விசயம் இவ்வளவுதான். தண்ணீர் சூடாக இருந்தால் அதற்குள் சத்தம் விரைவாக ஓடும். குளிர்ந்தால் மெதுவாக ஓடும். கல்லடியில் ஒரு சத்தத்தை விட்டு, அது குருக்கள்மடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று மிக நுணுக்கமாகப் பிடித்துவிட்டால், இடையில் கிடக்கிற கடல் சராசரியாக எவ்வளவு சூடு என்று சொல்லலாம். வெப்பமானியை ஓரிடத்தில் இறக்கினால் அந்த இடத்துக் கதை மட்டும்தான் தெரியும். சத்தம் அப்படியில்லை, வருகிற வழி முழுக்கத் தொட்டுக்கொண்டு வருகிறது. பெரிய சமுத்திரங்களில் கண்டத்துக்குக் கண்டம் இப்படி அளந்து பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஊருக்கு ஊர் அளக்க ஆசைப்பட்டோம்.

ஒரு சிக்கல் உண்டு. கல்லடிப் பாலத்தில் காற்றோடு சைக்கிள் ஓடுவதும் எதிர்க்காற்றில் ஓடுவதும் ஒன்றா? நீரோட்டம் சத்தத்துக்கும் அதைத்தான் செய்யும். அதனால் அங்கிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும் இரண்டு பக்கமும் சத்தம் அனுப்ப வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நீரோட்டத்தின் குறும்பு கழிந்துவிடும். மிஞ்சுவது சூடு.

இதற்கான இரண்டு பெட்டிகளும் எங்களுடையவை அல்ல. இரவல். கொழும்பில் இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியரிடம் நான் சண்டை பிடித்து வாங்கி வந்தவை. நல்ல மனிதர், ஆனால் சரியான கண்டிப்பு. தெற்குக் கரையில் வேறொரு குழுவும் அதே பெட்டிகளுக்குக் காத்திருந்தது. கூட்டத்தில் ஒருவர், “மட்டக்களப்பில் இதெல்லாம் சரிவராது, முதலில் வேறெங்காவது செய்து பார்ப்போம்” என்றார். நான் எழும்பி, “வரும்” என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரின் தேத்தண்ணீர்க் கோப்பை ஆடியது.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மாதக்கணக்காக அந்த ஓட்டு அறையில் வெந்துகொண்டிருந்தோம். பெட்டி திரும்பிப் போனால் மறுபடி இந்தப் பக்கம் வராது. “நாங்கள் அப்பவே சொன்னோம்” என்று சொல்ல ஆட்கள் தயாராக இருந்தார்கள். என் மாணவர்களும் அதைக் கேட்க வேண்டி வரும். 

வயர் பிடித்த கை

எனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டால், ஆரையம்பதிப் பக்கத்து ஆற்றில் என்று சொல்வேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நானும் தங்கச்சியும் இடுப்பளவு தண்ணீரில் நிற்போம். அவள் தூரப் போய் இரண்டு கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் முட்டுவாள். நான் மூச்சைப் பிடித்துத் தலையை அமுக்குவேன். டக் என்று என் மண்டைக்குள்ளேயே யாரோ தட்டின மாதிரி இருக்கும். தலையை வெளியே எடுத்தால் ஒன்றும் கேட்காது. இதென்ன கூத்து என்று அவளுக்கும் எனக்கும் ஒரே ஆச்சரியம். அவள் இன்றைக்கு வங்கியில் வேலை செய்கிறாள், கல்லை மறந்துவிட்டாள்.

பிறகு வந்த யுத்த காலம் கல்லை எடுக்கிற காலமாக இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்துவிட்டு, பையில் வயரும் பற்றரியும் சாவணமுமாகச் சோதனைச்சாவடியில் நிற்கிற ஒரு பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு முறை என் ஒலிவாங்கி ஒன்றை மணிக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் சத்தம் கேட்கிற சாமான் என்றேன். தண்ணீருக்குள் என்ன சத்தம் என்று கேட்டான் காவலுக்கு நின்ற பொடியன்.  இறால் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, விட்டுவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பையை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களுக்கு இடையில் நடந்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கல்லடி தமிழ் ஊர், அடுத்த காத்தான்குடி முஸ்லிம் ஊர், மறுபடி ஆரையம்பதியும் குருக்கள்மடமும் தமிழ் ஊர் என்று ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கிறவர்கள் நாங்கள். இரண்டு பக்கமும் ஆட்களைப் பறிகொடுத்தோம். கடலிலும் அவரவர் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத கோடு விழுந்தது. அது தெரிந்தால்தான் இனி நான் சொல்லப்போவது விளங்கும்.

எங்கட ஊர்க் கடல்

திரும்பவும் அந்த ஓட்டு அறைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வைகாசியில் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசியில் திங்கட்கிழமை விடியலில் திருக்குளிர்த்தி. ஊரின் வெப்பு நோயெல்லாம் தணிய வேண்டும் என்று அம்மனைக் குளிர்விக்கிற சடங்கு அது. கதவு திறந்தால் குளிர்த்தி நாள் முடியும்வரை எங்கள் கரையில் ஒருவரும் படகு தள்ளுவதில்லை. மீன் ஊருக்குள்ளேயே வராது. அதிலும் குளிர்த்தித் திங்களன்று ஊரே கோயிலில் நிற்கும், கடல் அமைதியாகத்தானே இருக்கும்?

அவ்வளவுதான். யாரிடமும் கேட்காமல் கொழும்புக்குப் பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை கடல் முழுவதும் அமைதியாக இருக்கும், அதற்குப் பிறகு பெட்டி ஏற்ற லொறியை அனுப்புங்கள் என்று. அவரும் சரி, செவ்வாய் லொறி வரும் என்று பதில் போட்டார்.

றிஸ்வானிடம் பெருமையாகச் சொன்னேன். 

“மிஸ், உங்கட ஊர்க் கடல் மட்டும்தானா கடல்?”

“ஏன்டாப்பா?”

“நம்மட ஆக்கள் என்ன, குளிர்த்திக்கு வீட்டில படுத்துக் கிடப்பாங்களா? உங்கட போட் ஒண்டும் இல்லாத நாள்தான் அவங்களுக்குப் பெருநாள். ஒண்டுக்கு ரெண்டா இறங்குவாங்க.”

சத்தம் வருகிற வழி காத்தான்குடிக் கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் வருகிறது. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டவளே நான். படித்த படிப்பெல்லாம் எங்கே போனது? எங்கள் ஊர் அடங்கினால் உலகமே அடங்கிவிடும் என்று நினைக்கிற புத்தி எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. அது எனக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“சரி, எழுதினது எழுதினதுதான். மறுகா என்ன செய்வம்?” என்றேன்.

அவன் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். “நம்மட பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஒரு போட்டும் கடல்ல நிக்காது. எல்லாரும் பள்ளியிலதான். ஆனா அந்த நேரம் பாத்துத்தானே உங்கட ஆக்கள் வலை ஏத்திக்கிட்டு வெளிக்கிடுறாங்க.”

சொன்னவன் வயரைக் கீழே போட்டான். நான் கலண்டரை இழுத்துப் பார்த்தேன்.

சடங்குக் கிழமைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் அம்மனுக்காகக் கரையில். ஜும்ஆ நேரத்தில் அவன் ஆட்கள் பள்ளியில். கல்லடிக் கத்தோலிக்கக்காரரின் படகுகள் காலையிலேயே திரும்பிவிடும். மாதக்கணக்காக அலைந்த எங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் ஒரு தரம்கூடக் கண்ணில் படவில்லை. அவன் வெள்ளியை மட்டும் அறிவான், நான் சடங்கை மட்டும் அறிவேன்.

“அட அறுவானே!” என்று செல்லமாக ஏசி அவன் முதுகில் ஒன்று போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம்

அந்த வெள்ளிக்கிழமை கல்லடிப் பெட்டியைத் தானாக ஓட வைத்துவிட்டு றிஸ்வான் தொழுகைக்குப் போனான். போகுமுன் போன் எடுத்து, “மிஸ், பயப்படாதீங்க, நான் துஆவும் கேக்கிறன்” என்றான். நான் குருக்கள்மடத்து அறையில் தனியே இருந்தேன்.

முதலில் வழக்கமான இரைச்சல்தான். பிறகு ஒன்று கரையேறியது. இன்னொன்று தூரத்தில் முனகி அடங்கியது. இன்னும் ஒன்று ஓய மாட்டேன் என்று பிடிவாதமாக ஓடிக்கொண்டிருந்தது. போடாப்பா, தொழப் போ என்று நான் அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதுவும் நின்றது.

நான் பிறந்ததிலிருந்து அந்தக் கடலின் பக்கத்தில் இருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இறால்களின் படபடப்பு மட்டும் கேட்டது. அதற்கும் கீழே, தண்ணீர் தன் பாட்டில் அசைகிற ஒரு கனத்த மௌனம்.

அப்போது அது வந்தது. கல்லடியிலிருந்து, காத்தான்குடியைத் தாண்டி, ஆரையம்பதியைத் தாண்டி, ஏறி இறங்கும் அந்தச் சின்ன விசில். மெல்லியதுதான், ஆனால் தெளிவாக வந்தது. திரும்பவும் வந்தது. எங்கள் சத்தமும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததைத் திரை காட்டியது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். தனியே இருந்த அறையில் கையைத் தட்டினேன். ஒரு விரிவுரையாளர் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள், அழவும் செய்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெட்டிகளோடு கட்டியிருந்த வெப்பமானிகள் இரண்டு முனையிலும் சொன்னதோடு அது ஒத்துப் போனது. அவற்றுக்குத் தெரியாத இடைக் கடலையும் சேர்த்துச் சொன்னது. மட்டக்களப்பில் சரிவராது என்றார்களே! வந்தது. எனக்குப் பெருமைதான். அடக்கமாக இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் படிப்பித்தார்கள். அந்தப் பாடத்தில் மட்டும் நான் சித்தியடையவில்லை.

ஒரு நாள் போதாது

அன்று பின்னேரமே பேராசிரியர் போன் எடுத்தார். குரலில் சந்தோசம் இருந்தது. ஆனாலும் சொன்னார்:

“வசந்தி, அருமையான அளவு. ஆனால் ஒரு நாள் அளவை வைத்து நான் யாரையும் நம்பவைக்க முடியாது. தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள். லொறியை நிறுத்தி வைக்கிறேன். அடுத்த வெள்ளியும் இதேபோல ஒன்று காட்டுங்கள். இல்லையென்றால் பெட்டி போகத்தான் வேண்டும்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அடுத்த வெள்ளி சடங்கு முடிந்திருக்கும். கதவு சாத்தியாகிவிடும். எங்கள் ஆட்கள் ஒரு கிழமை உழைக்காமல் இருந்த ஆட்கள். கடலுக்கு எப்போது போவோம் என்று நிற்பார்கள். அவர்களிடம் போய் நில்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

திங்கட்கிழமை குளிர்த்தி முடிந்து நன்றாக விடிந்த பிறகு கோயில் வாசலில் யோகன் மச்சானைக் கண்டேன். அம்மாவின் தமையன் மகன், மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவர். வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறும்.

“என்னகா, அம்மாள் குளுந்தாச்சு, உன்ட முகம் மட்டும் வெந்து கிடக்கு?”

நான் சொன்னேன். உதவி கேட்க நினைக்கவில்லை, மனம் தாங்காமல் சொன்னேன். பெட்டி, வெள்ளிக்கிழமை, லொறி, எல்லாம். அவர் பிரசாதத் தட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத அளந்தா எங்களுக்கு என்ன புள்ள?”

“கீரி மீன் வாற பருவத்துக்கு வரல்ல எண்டு நீங்கதானே போன வருசம் ஏசினீங்க? தண்ணி சூடாகுதோ இல்லையோ எண்டு தெரியாம, அது எங்க போகுதெண்டு எப்பிடித் தேடுறது?”

“ம்” என்றார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை நான் பெட்டி கட்டக் கயிறும் வாங்கிக்கொண்டுதான் அறைக்குப் போனேன். காதில் மாட்டினேன். காலையில் அதே தகரக் கடை. மதியமானது. காத்தான்குடிப் பக்கத்து இஞ்சின்கள் வழக்கம்போல ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இனி எங்கள் ஆட்கள் கிளம்புவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு இஞ்சினும் கேட்கவில்லை.

பதற்றத்தில் இறால்களின் படபடப்பைக்கூடக் கவனிக்கவில்லை, வயர் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடற்கரை மாடு ஏதும் மிதித்திருக்கும். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். மணல் கொதித்தது.

கரையில் படகுகள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. இஞ்சின்களைத் தூக்கி மடித்திருந்தார்கள். வலைகள் ஏற்றியபடியே இருந்தன. மீன்வாடிக் கொட்டில் நிழலில் ஆண்கள் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் யோகன் மச்சான்.

“ஏன் இஞ்ச ஓடி வாறாய்? உள்ள போய் உன்ட வேலையப் பாரு” என்றார். “ஆரையம்பதிக்கும் சொல்லியாச்சு. அங்கயும் ஒருத்தரும் இறங்கல.”

  திரும்பி ஓடினேன். விசில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும், பிசகில்லாமல்.

தொழுகை முடிந்து றிஸ்வான் போன் எடுத்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. “மிஸ், பள்ளியால வந்து பாத்தா உங்கட பக்கத்து போட் ஒண்டும் இறங்கல. நம்மட ஜும்ஆவுக்கு மரியாத குடுத்து நிக்கிறாங்க எண்டு இஞ்ச கதைக்கிறாங்க. நான் இல்லையெண்டு சொல்லப் போகல்ல. சொல்லவா?”

“சொல்லாத” என்றேன்.

கரைக்கு வந்தேன். எங்கள் ஆட்கள் எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு படகுகளைத் தள்ள ஆயத்தமானார்கள். நான் யோகன் மச்சானிடம் போய், சரியாக வந்துவிட்டது, பெட்டி இங்கேதான் இருக்கும் என்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“அத விடு. தண்ணி சூடு கூடிட்டா, இல்லையா?”

“ரெண்டு வெள்ளிக்கிழமையில அதச் சொல்ல ஏலா மச்சான். கிழமைக்குக் கிழமை, வருசக்கணக்காப் பாத்தாத்தான் தெரியும்.”

அவர் படகின் முன்பக்க அணியத்தில் தோளைக் கொடுத்தார். மற்றவர்களும் கொடுத்தார்கள்.

“அப்ப வருசக்கணக்கா நிக்கிறம்” என்றார்.